ரப்பருக்கும் பதம் உண்டு

டயரில் பட்டன் தேய்ந்துவிட்டால் பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கவே யோசிப்பார். "மொட்டையாயிடுச்சு சார். மழை வந்தா வழுக்கும், மாத்திடுங்க" என்பார். சட்டமும் அவர் பக்கம்தான். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது சாலைக்கு ஆகாது. ஆனால் டிவியில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கிறோம். வெயில் நாளில் அந்தக் கார்களுக்கு மாட்டுகிற டயரில் ஒரு கோடுகூட இருப்பதில்லை. தேய்ந்து மொட்டையானதல்ல, மொட்டையாகவே வார்த்தது. 'ஸ்லிக்' என்று பெயர். சாதாரண டயர் கனவிலும் காணாத பிடிப்பு அதற்கு உண்டு.

பட்டனுக்கும் பிடிப்புக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல இல்லை என்பதற்கு வேடிக்கையான சாட்சி ஒன்று இருக்கிறது. ஃபார்முலா ஒன் கார்கள் வளைவுகளில் அளவுக்கு மீறிய வேகத்தில் திரும்புகின்றன என்று கவலைப்பட்ட நிர்வாகம், 1998-இல் அந்த வேகத்தைக் குறைக்க டயரைச் சுற்றிப் பள்ளம் போடச் சொன்னது. முன் டயரில் மூன்று, பின் டயரில் நான்கு. அடுத்த ஆண்டு எல்லா டயரிலும் நான்கு. 2009-இல் ஸ்லிக் திரும்பி வரும்வரை இந்த விதி நீடித்தது. காய்ந்த சாலையில் பள்ளம் பிடிப்பைக் குறைக்கிறது என்பதை இதைவிடப் பெரிய அளவில் யாரும் செய்து காட்டியதில்லை. பஞ்சர் கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. 'மழை வந்தா' என்றுதானே அவர் ஆரம்பித்தார்!

சாலை டயருக்கும் ஸ்லிக்குக்கும் நடுவில் நிற்பது செமி-ஸ்லிக். அரைமொட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஆழமாக இரண்டு பள்ளங்கள் ஓடும். உள்பக்கம் சில கீறல்கள். வெளித்தோள் கிட்டத்தட்ட வெறுமை. சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற குறைந்தபட்சப் பள்ளங்கள், மற்ற இடமெல்லாம் ரப்பர். டிராக்கில் சில சுற்றுகள் ஓட்டி நிறுத்திவிட்டுத் தொட்டால் விரல் ஒட்டும். சூடாக இருக்கும்போது மண் தரையில் ஏற்றினால் பொடிக்கற்களை வாரி ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கர வளைவுக்குள் அவை ஒவ்வொன்றாகத் தெறித்து டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும்.

இந்த டயரை மாட்டினால் கார் எவ்வளவு வேகமாகும் என்று டிராக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது சுலபமான வேலை போலத் தோன்றும். கடிகாரத்தை அழுத்து, சுற்றை முடி, கழித்துப் பார். அப்படிச் செய்தால் கிடைக்கிற எண் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஏன் என்று புரிய, ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பள்ளி இயற்பியலில் உராய்வு விதி படித்திருப்போம். உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் கூடும். தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. 1699-இல் பிரான்சின் அமோந்தோன் சொன்னது இது. அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்பே லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். விதி சரியென்றால் பந்தயக் காருக்கு அகல டயர் எதற்கு? சைக்கிள் டயர் போதுமே!

விதி மரத்துக்கும் இரும்புக்கும் நன்றாகவே பொருந்தும். காரணம், எவ்வளவு இழைத்தாலும் இரும்பின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் மேடு பள்ளம்தான். இரண்டு இரும்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடும். எடை கூடினால் நுனிகள் நசுங்கும், உண்மையில் தொடுகிற பரப்பு அதே விகிதத்தில் கூடும். கண்ணுக்குத் தெரிகிற பரப்பு கணக்கிலேயே வருவதில்லை. ரப்பர் மெத்தென்றிருப்பதால் சாலையின் மேடுகளைச் சுற்றி ஆரம்பத்திலேயே படிந்துவிடுகிறது. மேற்கொண்டு எடை ஏற்றினால் புதிதாகத் தொட மிச்சமிருக்கும் இடம் குறைவு. எடையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கூடுகிறது. ஆகவே ஒரு டயரின்மேல் சுமையைக் குவிப்பதைவிட நிறைய ரப்பரின்மேல் பரப்பி வைப்பது லாபம்.

1,400 கிலோ காரில் ஒரு டயருக்கு 350 கிலோ வரும். காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து ஒரு கையளவு. டயரை அகலமாக்கினாலும், காற்றழுத்தம் அதேதான் என்றால், இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. நீளமாக இருந்த தொடுபரப்பு அகலமாகவும் குட்டையாகவும் மாறுகிறது, அவ்வளவே. அகல டயரின் நிஜமான ஆதாயங்கள் வேறு. வளைவில் இந்தக் குட்டைத் தொடுபரப்பு குறைவாக முறுக்கிக்கொள்கிறது. சூட்டைத் தாங்க ரப்பர் அதிகமாக இருக்கிறது. அதனால் மென்மையான கலவையைத் துணிந்து போட முடிகிறது. 'அகலமென்றால் அதிக ரப்பர் தரையில்' என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மை.

சரி, ரப்பர் சாலையைப் பிடிப்பது எதனால்? இரண்டு வழிகள். ஒன்று ஒட்டல். ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் சாலைப் பரப்போடு கணநேரம் பிணைந்து, இழுபட்டு, அறுந்து, மீண்டும் பிணைகின்றன. இன்னொன்று தயக்கம். காந்தவியல் பாடத்தில் வருகிற அதே சொல்தான். சாலையின் ஒரு சிறு கல்முனை ரப்பருக்குள் அமுங்குகிறது. முனை நகர்ந்ததும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். அது உடனே திரும்பாமல் தயங்குகிறது. முனையின் முன்பக்கம் ரப்பர் அழுத்திக்கொண்டிருக்க, பின்பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் காரை இழுத்துப் பிடிக்கிறது. தயக்கத்தில் தொலைந்த ஆற்றல் சூடாக வெளிப்படுகிறது.

இரண்டு வழிகள் என்று எப்படித் தெரியும்? டயர் அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. இங்கிலாந்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடத்தில் இருந்த குரோஷ் என்பவர் 1963-இல் வெளியிட்டது. நான்கு வகை ரப்பர் துண்டுகளை எடுத்துக்கொண்டு, மழமழப்பான கண்ணாடிமீதும் சொரசொரப்பான உப்புத்தாள்மீதும் இழுத்துப் பார்த்தார். மைனஸ் 50 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை வெப்பநிலையை மாற்றினார். இழுவையின் வேகத்தை வினாடிக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் போகவே விடவில்லை. வேகம் கூடினால் உராய்வே ரப்பரைச் சுடவைத்துவிடும்; பிறகு தான் வைத்த வெப்பநிலை எது, உராய்வு கொடுத்த வெப்பநிலை எது என்று பிரிக்க முடியாது.

உப்புத்தாளில் வேகத்துக்கு ஏற்ப உராய்வை வரைந்தால் இரண்டு மேடுகள் தெரிந்தன. அடுத்து அவர் செய்தது எளிமையான, கெட்டிக்காரத்தனமான காரியம். உப்புத்தாளில் மெக்னீசியம் ஆக்சைடு மாவைத் தூவினார். ரப்பரும் கல்லும் நேரடியாக ஒட்ட முடியாமல் நடுவில் மாவு. முதல் மேடு காணாமல் போனது, இரண்டாவது அப்படியே நின்றது. மாவு தடுத்தது ஒட்டலை. கல்முனை அமுக்குவதை மாவு தடுக்காது. ஆக முதல் மேடு ஒட்டல், இரண்டாவது தயக்கம். உச்ச உராய்வு வந்த வேகத்தை, அந்த ரப்பர் எந்த அதிர்வெண்ணில் அதிகமாகத் தயங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால் ஒரு நீளம் கிடைக்கும். கண்ணாடியில் அது சுமார் 6 நானோமீட்டர், அதாவது மூலக்கூறு அளவு. உப்புத்தாளில் தயக்க மேட்டுக்குக் கிடைத்த நீளம் தாளிலுள்ள துகள்களுக்கு இடையிலான தூரம். ரப்பர் எதன்மீது வேலை செய்கிறது என்பதை அந்த எண்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

குரோஷ் கண்ட இன்னொன்று செமி-ஸ்லிக்குக்கு நேரடியாகத் தொடர்புடையது. வெப்பநிலையைக் குறைப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் ரப்பருக்கு ஒன்றுதான். வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்த கோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் ஒரே வளைகோட்டில் போய்ப் பொருந்தின. ரப்பர் பாகியலும் மீட்சியும் கலந்த பொருள். வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுப்பில் இருக்கும்போது ஓடும், ஆறிப்போனால் கல்லாகும், நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அப்போது கரண்டியில் ஒட்டிக் கம்பியாக இழுபடும். அந்தப் பதத்திலுள்ள பாகைக்கூட மெல்ல இழுத்தால்தான் நீளும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். வேகமாக இழுப்பது, ஆற வைப்பதற்குச் சமம்.

ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் இப்படி ஒரு பதம் உண்டு. அதற்குக் கீழே குளிர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரப்பர் கண்ணாடிபோல விறைக்கும். அந்த எல்லையைக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். சாலை டயரின் கலவையில் இந்த எல்லையைப் பூஜ்யத்துக்கு வெகு கீழே வைக்கிறார்கள்; குளிர்காலக் காலையிலும் முதல் பிரேக்கில் பிடிக்க வேண்டுமே. செமி-ஸ்லிக்கில் அதை மேலே நகர்த்துகிறார்கள். ரெசின், எண்ணெய், சிலிக்கா, கார்பன் கரி இவற்றின் அளவை மாற்றி, டிராக்கில் எட்டக்கூடிய சூட்டில் தயக்கம் அதிகமாக இருக்கும்படி சமைக்கிறார்கள். பதம் பெரும்பாலும் 70 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் நடுவில். விளைவு, சூடேறாத செமி-ஸ்லிக் நல்ல சாலை டயரைவிட மோசமாக நடந்துகொள்ளக்கூடும். புது டயர் மாட்டிய உற்சாகத்தில் முதல் சுற்றிலேயே சுவரைப் பார்க்கப் போகிறவர்கள் இதனால்தான் போகிறார்கள். உறைபனிக் குளிரில் இந்த டயர்களை உருட்டவே வேண்டாம், ரப்பர் விரிசல் விடும் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

பள்ளங்கள் ஏன் குறைக்கப்பட்டன என்பதும் இப்போது தெளிவாகும். ஆழமான பள்ளங்களுக்கு நடுவில் நிற்கும் ரப்பர்க் கட்டைகள், நாம் பட்டன் என்பவை, வளைவில் பக்கவாட்டு விசை வந்தால் ஆடும். ஆடினால் அடிப்பகுதியில் சூடு சேரும், ஓரம் கிழியும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையில் ஒரு தளர்வு வரும். கட்டைகளை ஒன்றாக்கிவிட்டால் ஆட்டம் நிற்கும். மென்மையான கலவைக்குக் கொடுக்கும் விலை தேய்மானம். அமெரிக்காவில் டயரின் பக்கவாட்டில் ஒரு தேய்மான எண் அச்சிட வேண்டும். டெக்சாஸில் குறிப்பிட்ட சாலைத்தடத்தில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு வருவது அது. சாதாரணக் கார் டயரில் 400, 500 என்று இருக்கும். செமி-ஸ்லிக்கில் 200, அதற்கும் கீழே. எண்ணை இறுதியில் போடுவது தயாரிப்பாளரே என்பதால், 200 போட்ட இரண்டு டயர்கள் ஒன்றுபோல இருக்குமென்று நம்ப வேண்டாம். 200-க்குக் கீழே கூடாது என்று விதி வைத்த பந்தயங்களுக்காகவே 200 என்று அச்சாகிற டயர்கள் உண்டு.

இனி டிராக்குக்குப் போகலாம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த டிராக். முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் டயர் ஆலைகளுக்கும் பஞ்சமில்லை.

காலையில் சாலை டயரோடு ஓட்டி நேரம் எடுக்கிறோம். மதியம் செமி-ஸ்லிக் மாட்டி ஓட்டுகிறோம். நேரம் குறைந்திருக்கிறது. எல்லாம் டயர் தந்ததா? காலையில் 30 டிகிரியில் இருந்த தார், கோடை மதியத்தில் 50-ஐத் தாண்டியிருக்கும். காலை முழுக்க ஓடிய கார்களின் ரப்பர் தாரில் படிந்து பிடிப்பைக் கூட்டியிருக்கும். அதே கார்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகள் ஓட்டக்கோட்டுக்கு வெளியே குவிந்து அங்கே பிடிப்பைக் கெடுத்திருக்கும். டாங்கில் 20 லிட்டர் பெட்ரோல் குறைந்தால் 15 கிலோ எடை போயிற்று. சூடான காற்றின் அடர்த்தி குறைவு, எஞ்சினின் இழுவை மந்தமாகும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் ஓட்டுநர். பத்துச் சுற்று ஓட்டியதில் வளைவுகள் பழகிவிட்டன. மேலும், ஒட்டும் டயர் மாட்டியிருக்கிறோம் என்கிற நினைப்பே காலை இன்னும் கொஞ்சம் அழுத்த வைக்கும்.

அனுபவமுள்ளவர்கள் இதற்குச் செய்வது பழைய டயர், புது டயர், மறுபடியும் பழைய டயர் என்ற வரிசை. இரண்டு பழைய டயர் ஓட்டங்களும் ஒத்துப்போனால் நடுவில் வந்த வித்தியாசம் டயருடையது. பழைய டயரின் இரண்டாவது ஓட்டம் ஒரு வினாடி மெதுவாக வந்தால், அந்த வினாடி டிராக்கும் வெயிலும் தின்றது. அதைக் கணக்கில் சரிக்கட்ட வேண்டும். எரிச்சலூட்டும் வேலைதான். ஜாக்கியும் டார்க் ரெஞ்சுமாக வெயிலில் நின்று, வேகமான டயரைக் கழற்றிவிட்டு மெதுவான டயரை மறுபடி மாட்ட யாருக்கும் மனம் வராது. சோதனை என்று சொல்லிக்கொள்பவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன.

காற்றழுத்தம் இன்னொரு வலை. பூட்டிய டயருக்குள் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 30 டிகிரியில் 27 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், உள்ளே 80 டிகிரி ஆகும்போது 34-ஐத் தொடும். அதனால் டிராக்கில் குளிர்ந்த அழுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூட்டில் எவ்வளவு வேண்டும் என்று தீர்மானித்து, முதல் ஓட்டம் முடிந்து பிட்டுக்குள் வந்ததுமே காற்றை இறக்கிச் சரிசெய்வார்கள். பெட்ரோல் பங்க்கில் காசு கொடுத்து நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று நினைப்பவர்கள் உண்டு. நைட்ரஜனும் அதே விதிப்படிதான் விரியும். அதில் ஈரம் இல்லை என்பது மட்டுமே அனுகூலம். காய்ந்த சாதாரணக் காற்றும் அதையே செய்யும்.

பிறகு சூடு அளப்பது. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானியை நீட்டினால் தோல் சூடு மட்டும் தெரியும். பிட்டுக்குள் வரும் வழியிலேயே அது இறங்கிவிடும். டயர்க்காரர்கள் ஊசிமுனை மானியை ரப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குத்தி, உள்தோள், நடு, வெளித்தோள் என மூன்று இடத்தில் எண் எடுப்பார்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடச் சூடாக இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் சூடாகவும் நடு குளிர்ந்தும் இருந்தால் காற்று போதவில்லை. உள்தோள் மட்டும் கொதித்தால் சக்கரத்தின் சாய்வு மிகையாக இருக்கிறது. மூன்று எண்களில் காரின் மொத்த ஜாதகமும் இருக்கும்.

கடிகாரம் சொல்லாததைச் சொல்வது முடுக்கமானி. வளைவில் பக்கவாட்டு விசை எவ்வளவு என்று ஜி.பி.எஸ். பெட்டி பதிந்துகொண்டே வரும். 80 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்குச் சமமான பிடிப்பு தரும் டயரோடு மணிக்கு சுமார் 101 கிலோமீட்டரில் அதைக் கடக்கலாம். பிடிப்பு பத்து சதவீதம் கூடினால் 106. பத்துக்கு ஐந்துதான் கிடைக்கிறது, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் வளைவு கேட்கும் விசை நான்கு மடங்கு. ஆனால் பிரேக்கில் கணக்கு வேறு. 160-இலிருந்து 80-க்கு வர 76 மீட்டர் பிடித்த கார் இப்போது 69 மீட்டரில் வந்துவிடும். நேர்ப்பாதையிலோ டயரால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வளைவிலிருந்து கூடுதல் வேகத்தோடு வெளியே வந்த ஆதாயம் மட்டும் கூடவே வரும். அதனால் 'இந்த டயர் சுற்றுக்கு மூன்று வினாடி தரும்' என்ற வாக்கியத்துக்கு, எந்த டிராக்கில் என்று சேர்க்காதவரை அர்த்தமில்லை.

2021-இல் போர்ஷே 911 ஜிடி3, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20.832 கிலோமீட்டர் சுற்றை 6 நிமிடம் 59.927 வினாடியில் முடித்தது. ஏழு நிமிடத்துக்கு ஒரு வினாடியின் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான் குறைவு. மாட்டியிருந்தது மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 ஆர், சாலைக்கு அனுமதிக்கப்பட்ட செமி-ஸ்லிக். விளம்பரத்தில் எஞ்சினும் இறக்கையும் பெரிய எழுத்தில் வரும், டயர் சிறிய எழுத்தில். சாதாரணக் கோடைக்கால டயரில் அதே கார் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்காது.

சோதனை முடிந்ததும் டயரின் முகத்தைப் படிக்க வேண்டும். மேலே சிறுசிறு சுருள்களாக ரப்பர் உருண்டு கிடந்தால், உள்ளே சூடேறும் முன்பே மேல்தோலை இழுத்திருக்கிறார்கள். கொப்புளங்கள் இருந்தால் நேர்மாறு, உள்ளே வெந்துவிட்டது. சீராக, மங்கலாக, மணல்தாள் தேய்த்ததுபோல இருந்தால் பதத்தில் ஓடியிருக்கிறது.

பிடிப்பு கூடினால் அதைத் தாங்க வேண்டியது காரின் மற்ற பாகங்கள். நீண்ட வளைவில் எஞ்சின் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். சாலை டயரின் பிடிப்பை மனதில் வைத்து வடிவமைத்த எண்ணெய்த் தொட்டிக்கு இது புதுக் கஷ்டம். எண்ணெய் அழுத்தமானியைப் பார்க்காமல் செமி-ஸ்லிக் சோதிப்பவர் டயரோடு எஞ்சினையும் சேர்த்துச் சோதிக்கிறார்.

செமி-ஸ்லிக்குக்குத் தேய்மானத்தைத் தவிர இன்னொரு முதுமையும் உண்டு. ஒவ்வொரு தடவை கொதித்து ஆறும்போதும், ரப்பரை இறுக்குகிற, ஆலையில் நின்றுபோன கந்தகப் பிணைப்பு வேலை கொஞ்சம் தொடர்கிறது. மென்மை தரும் எண்ணெய்கள் மெல்ல வெளியேறுகின்றன. பள்ளம் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும். பழைய டயர் வாங்குகிறவர்கள் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். விவரம் தெரிந்தவர் முதலில் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுவார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் வார்த்தது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து கடினமானியை எடுத்து, அதன் சிறு ஊசியை ரப்பரில் அழுத்துவார். சாலை டயர் 65-ஐ ஒட்டிக் காட்டும். புது செமி-ஸ்லிக் அதற்குக் கீழே காட்ட வேண்டும். அதுவும் 70 காட்டினால் மானியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, விலை கேட்காமலே கிளம்பிவிடுவார்.